ஓராண்டு நிறைவும் மொய்யேடும்

பிறப்பைப் பற்றிய எழுத்து சித்தன்னவாசல் குன்றில் ஏறி இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில், ஏறத்தாழப் பதினாறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இக்குன்று. இதன் சரிவில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளம் ஒன்றுண்டு. சமணத் துறவியர் படுத்துறங்கிய பதினேழு கற்படுக்கைகளை இன்றும் அங்கே காணலாம். அவற்றுள் பழமையானதை ஒட்டி, கி.மு. முதல் நூற்றாண்டு அளவில் பொறிக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவர்க்குச் சிறுபோசில் இளையர் என்பார் அமைத்துக் கொடுத்த இருக்கை இது என்று அவ்வெழுத்துக்கு அறிஞர் பொருள் கூறுவர். எருமி நாட்டை இன்றைய மைசூர்ப் பகுதியாகவும் கருதுவர். பிறந்த ஊரும் பெயரும் பிறர் செய்த கொடையும் அக்கல்லில் இடம்பெற்றுள்ளன. பிறந்த நாளைக் குறிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

இன்று அக்குன்றைச் சுற்றியுள்ள ஊர்களின் சாலையோரங்களில் நாம் காண்பது வேறொரு வகை எழுத்து. ஓராண்டு நிறைவெய்தும் குழந்தையின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, நாள், கிழமை, மண்டபத்தின் பெயர், தாய்மாமன்மார் பெயர், நண்பர் குழாத்தின் பெயர் அனைத்தும் தாங்கிய பிளெக்ஸ் தட்டிகள் நிற்கின்றன. இது சித்தன்னவாசலுக்கு மட்டும் உரிய காட்சியன்று. திருச்சி, மதுரை, தஞ்சை என எப்பக்கம் சென்றாலும் காணத்தக்கதே. ஒரு வயதுக் குழந்தையின் பொருட்டுப் பெற்றோர் ஒரே நாளில் எவ்வளவு செலவிடுகின்றனர்? அச்செலவை உண்மையில் தாங்குபவர் யார்? முதல் வினாவுக்குப் பலரும் விடை கூறுவர். இரண்டாம் வினாவுக்கு விடை காணவேண்டுமாயின் புதுக்கோட்டை மாவட்டத்தின் மொய்யேடுகளைப் புரட்டவேண்டும். அதற்குமுன், பிறந்தநாள் நம் வீடுகளுக்குள் நுழைந்த வழியைச் சிறிது நோக்குவோம்.

அரண்மனையிலிருந்து வீட்டிற்கு

பிறந்தநாள் கொண்டாட்டம் பண்டு அரசர்க்கே உரியதாக இருந்தது. தொல்காப்பியப் புறத்திணையியல் மன்னன் பிறந்தநாளில் நிகழ்வதைப் பெருமங்கலம் என்னும் பெயரால் குறிக்கின்றது. முதலாம் இராசராசன் பிறந்த சதய நாளில் தஞ்சைப் பெரியகோயிலில் விழா எடுக்கப்பட்டது. இன்றும் ஐப்பசிச் சதயத்தன்று அவ்விழா நடைபெறுகின்றது. இராசேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை. இவையெல்லாம் நாண்மீனைக் கொண்டு கணிக்கப்பட்ட நாள்கள். இன்றைய தேதிக் கணக்கு அன்று இல்லை.

மொகலாயர் அவையில் இவ்வழக்கம் வேறொரு வடிவம் பெற்றது. அக்பர் ஆண்டுக்கு இருமுறை, கதிரவ ஆண்டுக் கணக்கிலும் பிறைக் கணக்கிலும், தம் பிறந்தநாள்களில் தராசில் அமர்ந்து எடைக்கு எடை பொருள் வழங்கினார் என்று அபுல் ஃபசல் தம் ஆயினே அக்பரியில் விரித்துரைக்கின்றார். பொன், பட்டு, நறுமணப் பொருள், நெய், இரும்பு, தானியம், உப்பு முதலாகப் பன்னிரண்டு பொருள்கள் தட்டில் ஏறின. இளவரசர்களுக்கும் அவ்வழக்கம் உண்டு. இரண்டு வயதானபோது குழந்தையை முதன்முறை தராசில் வைப்பர். அப்போது ஒரே ஒரு பொருளுக்கு எதிராக மட்டுமே நிறுப்பர். ஆண்டுதோறும் ஒரு பொருள் கூடும். பேரரசின் கருவூலமே கையில் இருந்தும் குழந்தையின் முதல் தட்டில் ஒரு பொருள்தான் வைக்கப்பட்டது என்பது நோக்கற்குரியது. நிறுத்த பொருள் மீண்டும் கருவூலம் புகவில்லை, பிறர்க்கு வழங்கப்பட்டது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

எளிய மக்களுக்கோ, பிறந்தநாள் என ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. பெருவெள்ளம் வந்த ஆண்டு, பஞ்சம் வந்த ஆண்டு, ஊரில் இன்னார் மணம் முடித்த ஆண்டு என்றே அகவையைக் கணித்தனர். பள்ளியில் சேர்க்கும்போது கையைத் தலைக்குமேல் வளைத்துக் காதைத் தொடச்சொல்லி, ஐந்து வயது நிரம்பிற்று எனத் துணிந்து, தலைமையாசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொண்டார். பள்ளி திறக்கும் சூன் மாதத்தைக் கணக்கில் கொண்டு எழுதியமையால், சென்ற தலைமுறையில் சூன் மாதத்திலும் அதனையொட்டியும் பிறந்தோர் தொகை வியப்பளிக்கும் அளவுக்கு மிகுதி. இம்மலரைப் புரட்டும் பெரியோருள்ளும் அத்தகையோர் சிலர் இருப்பர்! 1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும், மகப்பேறு மருத்துவமனையில் நிகழும் வழக்கமும் பரவிய பின்னரே, நாளும் மணியும் பிழையாத பிறந்தநாள் எல்லார்க்கும் கிட்டிற்று.

தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியை வேறுவிதமாகக் கணக்கிட்டது. பிள்ளைத்தமிழில் மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை என ஒற்றைப்படைத் திங்கள்களில் பருவங்கள் அமைகின்றன. தலையசைத்தல், கைகொட்டல், தளர்நடையிட்டு வருதல் எனக் குழந்தைக்கு இயல்வதைக் கொண்டு பருவம் பெயர் பெறுகிறது. பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் உள்ள பன்னிரண்டாம் திங்களுக்கு அங்கே தனிச்சிறப்பு எதுவும் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியப் புலவரும் இம்மரபையே பின்பற்றினர். உமறுப்புலவரோ சீறாப்புராணத்தின் முதற்காண்டத்திற்கு விலாதத்துக் காண்டம் எனப் பெயரிட்டார். விலாதத்து என்பதற்குப் பிறப்பு என்பதே பொருள்.

மெழுகுவத்தியும் கேக்கும் ஜெர்மானிய நாட்டு வழக்கிலிருந்து உலகெங்கும் பரவியவை. 1746 ஆம் ஆண்டில் சின்சென்டார்ஃப் என்னும் பிரபுவின் பிறந்தநாளில், பெரிய கேக்கில் வயதுக்கு ஒன்றாக மெழுகுவத்தி நட்ட செய்தி எழுத்தில் கிடைக்கின்றது. இன்று எல்லாரும் பாடும் வாழ்த்துப்பாட்டின் மெட்டு 1893 இல் அமெரிக்காவில் ஹில் சகோதரியர் மழலையர் பள்ளிக்கென வெளியிட்ட காலை வணக்கப் பாட்டின் மெட்டாகும். இவை நம் ஊருக்கு வந்து சேர்ந்த வரலாறு நீண்டதன்று. ஊருக்கு ஊர் பேக்கரி வந்தது, இவையும் உடன் வந்தன.

மொய் என்னும் கணக்கு

இனி, புதுக்கோட்டை மாவட்டத்திற்கே உரிய செய்திக்கு வருவோம். இப்பகுதியில் விழா என்றால் மொய் உண்டு. திருமணம், புதுமனை புகுவிழா, காதணி விழா எதுவாயினும் பந்தலின் வாயிலருகே மேசையிட்டு, நோட்டைத் திறந்துவைத்து இருவர் அமர்ந்திருப்பர். ஒருவர் பணத்தை எண்ணுவார், மற்றவர் ஊர், பெயர், தொகை ஆகியவற்றை எழுதுவார். அவ்வேடு விழா முடிந்ததும் வீட்டுப் பெட்டகத்துள் நகைக்கு அருகே வைக்கப்படும். செய்முறை என்று இதனை வழங்குவர். நூறு எழுதியவர் வீட்டு விழாவில் நூறுக்குக் குறையாமல் திரும்ப எழுதவேண்டும். அதன்மேல் கூடுதலாக எழுதும் தொகை புதுநடை எனப்படும். பழையதைத் தீர்ப்பதோடு நில்லாமல் புதுநடையும் சேர்ப்பதால்தான் உறவு தொடர்கின்றது. கணக்கைச் சரியாகத் தீர்த்து ஒரு ரூபாயும் மிகாமல் எழுதுவாராயின், உறவை முடித்துக்கொள்கிறார் என்றே பொருள் கொள்வோரும் உண்டு.

இதனை இழிவாகக் கூறுதல் எம் நோக்கமன்று. ஈடு கேட்கும் வங்கியும் வட்டி கேட்கும் தண்டல்காரரும் நெருங்கவொண்ணாத எளிய உழவனுக்கு, ஒரே நாளில் பெருந்தொகை திரட்டித் தந்த ஏற்பாடு இது. 1992 இல் வெளிவந்த சின்ன கவுண்டர் திரைப்படத்தில், கடன்பட்ட பெண் விருந்து வைக்க, உண்டோர் இலைக்கு அடியில் பணம் வைத்துச் செல்லும் காட்சியைத் தமிழ்நாடே அறியும். இடர்ப்பட்டவரை ஊர் கூடித் தூக்கி நிறுத்துதல் என்னும் பழைய பொருள் அக்காட்சியில் உள்ளது.

மாவட்டத்தின் கிழக்கே வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரத்திலும், அதனையடுத்த தஞ்சை மாவட்டப் பேராவூரணிப் பகுதியிலும் இவ்வழக்கம் மொய் விருந்து என்னும் தனி அமைப்பாக வளர்ந்தது. அங்கே மணமக்களும் இல்லை, காது குத்தப்படும் குழந்தையும் இல்லை. ஆடி, ஆவணி மாதங்களில் ஆட்டுக்கறி விருந்து வைத்து மொய் பெறுவதற்கென்றே நடத்தப்படும் நிகழ்ச்சி அது. ஒருவர் ஒருமுறை நடத்தினால் அடுத்த முறைக்குச் சில ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். செலவு குறைய வேண்டிப் பலர் ஒன்றுகூடி ஒரே பந்தலில், ஒரே விருந்தில், தனித்தனி ஏடு வைத்து நடத்துவதும் உண்டு. 2019 ஆம் ஆண்டு வடகாட்டில் நடந்த விருந்தொன்றில் நான்கு கோடி ரூபாய் அளவுக்கு மொய் வந்ததாக நாளேடுகள் எழுதின. பணம் எண்ணும் பொறிகளை விருந்துப் பந்தலுக்கே கொண்டுவரும் நிலை அங்கே உருவாயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் அப்பகுதித் தென்னையை வேரோடு சாய்த்தபோது, மொய்யும் உடன் சாய்ந்தது. பெற்றவர் திருப்பித் தரவியலாமல் தவித்தனர். விளைச்சல் வீழ்ந்தால் இந்த வங்கியும் வீழும் என்பது அப்போது வெளிப்பட்டது.

மொய் விருந்து தோன்றிய காரணம் ஒன்று எம் உள்ளத்தைத் தொடுவது. பிள்ளைப்பேறு இல்லாதவரும் மணமாகாதவரும் ஆண்டு முழுதும் பிறர் வீட்டுக் காதணி விழாக்களுக்கும் திருமணங்களுக்கும் மொய் எழுதிக்கொண்டே இருப்பர். திரும்பப் பெற அவர் வீட்டில் விழா நிகழாது. அத்தகையோர்க்கும் எழுதிய பணத்தைத் திரும்பப் பெறும் வாயிலாக அமைந்தது மொய் விருந்து. குழந்தையின் விழாவைச் சாக்காக வைத்துப் பணம் திரட்டும் முறையில், குழந்தையற்றோர் எவ்வளவு இழந்திருப்பர் என்பதை இதனால் உய்த்துணரலாம்.

இவ்விடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் தகும். பின்வருவது எவர் வீட்டு ஏட்டிலிருந்தும் எடுத்ததன்று, விளக்கத்திற்காக யாம் அமைத்துக்கொண்டது. ஓராண்டு நிறைவு விழாவுக்கு இருநூறு பேர் வருகின்றனர் எனக் கொள்வோம். இலை ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபாய் வீதம் உணவுக்கு முப்பதாயிரம். மண்டபம், பிளெக்ஸ் தட்டி, கேக்கு, குழந்தைக்கும் பெற்றோர்க்கும் புத்தாடை, நிழற்படம் எல்லாம் சேர்ந்து மற்றொரு முப்பதாயிரம். ஆக அறுபதாயிரம். வந்தோர் சராசரி நானூறு ரூபாய் எழுதினால் மொய் எண்பதாயிரம். வீட்டார் அன்றிரவு எண்ணிப் பார்த்து, செலவு போக இருபதாயிரம் மிச்சம் என மகிழ்வர்.

மிச்சம் என்பது மயக்கமே. பழைய மொய் திரும்பி வந்த பகுதியை நீக்கினால், எஞ்சியது முழுதும் கடன். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய இளந்தம்பதியர்க்குப் பழைய மொய் அதிகம் இராது. எனவே எண்பதாயிரத்தில் பெரும்பகுதி கடனாகவே இருக்கும். எண்பதாயிரம் கடன் பெற்று, அறுபதாயிரத்தை ஒரே பொழுதில் உண்டு முடித்து, இருபதாயிரத்தைக் கையில் வைத்திருக்கும் குடும்பம் அது. கையில் உள்ளது இருபதாயிரம், தீர்க்க வேண்டியது எண்பதாயிரமும் புதுநடையும். இத்தகைய நிபந்தனையில் எந்தக் கந்துவட்டிக்காரரும் கடன் தரத் துணியமாட்டார். வடகாட்டு உழவன் இதனை நன்கறிவான். அவன் மொய் விருந்தில் திரளும் தொகையோடு ஒப்பிட்டால் விருந்துச் செலவு சிறு பங்கே. அதனையும் பலரோடு பகிர்ந்துகொள்கிறான். மொய் பெறும் வழிகளுள் செலவு மிக்கது குழந்தையின் விழாவே என்பது எம் துணிபு.

நூறுநாள் வேலைத் திட்டத்தில் 2024-25 ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டிற்கு அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 319 ரூபாய். நூறு நாளும் முழுமையாகக் கிடைத்திருப்பினும் மொத்தம் 31,900 ரூபாய். மேற்கூறிய அறுபதாயிரம் என்பது அவ்வூதியத்தில் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு நாள் உழைப்பு. அன்னவாசல் பக்கம் மழையை நம்பிய மானாவாரி நிலங்களுக்கு நடுவே இத்தொகையின் கனத்தை அளந்தால்தான் பொருள் விளங்கும்.

கடன் ஒருநாளில் வருகின்றது, தீர்வதோ சிதறிச் சிதறி. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஒரே வாரத்தில் நான்கைந்து அழைப்பிதழ்கள் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் ஏட்டைப் புரட்டி, நம் வீட்டில் அவர் எழுதிய தொகையைக் கண்டு, புதுநடை கூட்டி எடுத்துச் செல்லவேண்டும். கையில் பணமில்லாவிடின் நகை அடகு. கணவர் காலமானால் மனைவி தீர்க்கவேண்டும், தந்தை மறைந்தால் மகன் தீர்க்கவேண்டும். முறிச்சீட்டும் இல்லை, வழக்குமன்றமும் இல்லை. நாணம் ஒன்றே காவல். எனவே மொய்க்கு வழியில்லாதவர் விழாவுக்கே வருவதில்லை. அவர் வாராதபோது அவர் குழந்தையும் வாராது. அடுத்த வீட்டுக் குழந்தை இல்லாத குழந்தை விழாக்கள் இவ்வாறே நிகழ்கின்றன.

மோதிரமும் தங்கமும்

பணமொய்யினும் கூர்மையானது பொன்மொய். தாய்மாமன் சங்கிலி அணிவிப்பார். நெருங்கிய உறவினர் ஒரு கிராம், அரைக் கிராம் மோதிரம் இடுவர். இங்கே கணக்கு ரூபாயில் இல்லை, கிராமுக்குக் கிராம். 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆபரணத் தங்கம் கிராம் ஒன்று ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. 2025 அக்டோபரில் பதினோராயிரத்தைக் கடந்தது. முன்னதில் பெற்ற ஒரு கிராம் மோதிரத்தைப் பின்னதில் திருப்பிச் செய்தவர், ஏறத்தாழ இருமடங்கு செலுத்தினார் என்பதே உண்மை. கூலி அதே காலத்தில் இருமடங்கு ஆகவில்லை. குழந்தையின் விரலில் தங்காத அம்மோதிரம் பெரும்பாலும் பெட்டகத்திலோ அடகுக் கடையிலோ வைகும்.

முதலாண்டு நிறைவுக்குப் பொன்மோதிரம் இடும் வழக்கம் கொரியா நாட்டிலும் உண்டு. தொல் என்று அவர்கள் அந்நாளைக் கூறுவர். 3.75 கிராம் எடையுள்ள மோதிரம் மரபானது. 1997 இறுதியில் அந்நாடு அந்நியச் செலாவணி இன்றி நொடிந்து பன்னாட்டு நிதியத்தின் கடனை நாடியபோது, 1998 சனவரியில் மக்கள் தம் வீட்டுப் பொன்னைத் திரட்டி நாட்டுக்கு அளித்தனர். திருமண மோதிரங்களோடு குழந்தைகளின் முதலாண்டு மோதிரங்களும் வரிசையில் வந்தன. ஏறத்தாழ முப்பத்தைந்து இலட்சம் பேர் பங்குகொள்ள, 227 டன் பொன் சேர்ந்தது. பெட்டகத்தில் உறங்கிய பொன் நாட்டின் கடனடைப்புக்கு உதவியது அங்கே. நம் மோதிரங்கள் அடுத்த விழாவின் கடனையே அடைக்கின்றன.

மார்க்கம் கூறும் எடை

இசுலாமியக் குடும்பங்கள் இவ்வழக்கங்களுக்குப் புறம்பானவையல்ல. அன்னவாசல் போன்ற ஊர்களில் பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். விருந்துக்கு அழைப்பதும் மொய் எழுதுவதும் சமய எல்லை பார்ப்பதில்லை. முன்பு ஆண்பிள்ளையைக் குதிரைமேல் ஏற்றி மாலை சூட்டி ஊர்வலம் விட்டுச் சுன்னத்துக் கல்யாணம் நடத்தினர். இன்று அது பெரும்பாலும் மருத்துவமனையில் ஓசையின்றி முடிந்துவிடுகின்றது. அங்கே குறைந்த செலவுதான் பிறந்தநாள் மண்டபத்திற்கு வந்து சேர்ந்ததோ என ஐயுறத் தோன்றுகின்றது.

குழந்தை பிறந்ததற்கு நன்றியாக மார்க்கம் காட்டிய வழி அகீகா. பிறந்த ஏழாம் நாளில் ஆண்குழந்தைக்கு இரண்டு ஆடும் பெண்குழந்தைக்கு ஓர் ஆடும் அறுத்து உறவினர்க்கும் ஏழையர்க்கும் பகிர்வது, பெயர் சூட்டுவது, தலைமுடி களைவது ஆகியன அதில் அடங்கும். இயலாதவர்க்கு அது கட்டாயமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேரர் ஹசன் (ரலி) அவர்கள் பிறந்தபோது, களைந்த முடியின் எடைக்கு வெள்ளியை ஏழையர்க்கு வழங்குமாறு அன்னை பாத்திமா (ரலி) அவர்களிடம் நாயகம் கூறினார்கள் என்றும், நிறுத்துப் பார்த்தபோது அது ஒரு திர்ஹமோ அதனினும் குறைவோ இருந்தது என்றும் திர்மிதீ நூலில் பதிவாகியுள்ளது. திர்ஹம் என்பது ஏறத்தாழ மூன்று கிராம் வெள்ளி. பச்சிளங்குழந்தையின் முடி அவ்வளவே கனக்கும். செல்வர் வீட்டுக் குழந்தைக்கும் வறியவர் வீட்டுக் குழந்தைக்கும் முடியின் எடையில் வேறுபாடு இராது. அதனால் கொடையின் அளவிலும் போட்டிக்கு இடமில்லை.

பிறந்தநாள் கொண்டாடலாமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்துள் யாம் புகவில்லை. திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது தாம் பிறந்த நாள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி முஸ்லிம் தொகுப்பில் உள்ளது என்பதை மட்டும் இங்கே குறித்துச் செல்வோம்.

மொய்க்கு நேரே பொருந்தும் இறைமொழி ஒன்று திருக்குர்ஆனில் உண்டு. பிறர் பொருளோடு கலந்து பெருகட்டும் என்று கொடுப்பது இறைவனிடம் பெருகாது என்றும், அவன் திருமுகம் நாடிக் கொடுக்கும் ஸகாத்தே பன்மடங்காகும் என்றும் அர்ரூம் அத்தியாயத்தின் 39 ஆம் வசனம் கருத்துரைக்கின்றது. கூடுதலாகத் திரும்பி வரும் என எதிர்பார்த்துக் கொடுக்கும் அன்பளிப்பையே இது சுட்டுகின்றது என இப்னு கதீர் முதலிய விரிவுரையாளர் விளக்குவர். இது தண்டனைக்குரிய வட்டியன்று, ஆனால் நற்கூலி இல்லாத கொடை என அவர்கள் பிரித்துக் காட்டுவர். கடனாயின் எழுதிவைக்குமாறு அல்பகறா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம் பணிக்கின்றது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அதுவே. மொய்யேடு எழுதப்படுகிறது, தவணையோ அதில் இல்லை. கொடையின் பெயரைத் தாங்கிக் கடனின் கணக்கைக் கொண்டிருப்பதால், இரண்டின் ஒழுங்கும் அதற்கு வாய்க்கவில்லை.

சில வீடுகளில் அகீகா விருந்திலும் இப்போது நோட்டுப் போடத் தொடங்கியிருப்பதாகக் கேள்வியுறுகிறோம். வழங்குவதற்கென்றே அமைந்த விருந்து, வாங்குவதற்கான விருந்தாக மாறும் இந்நிலையை ஜமாஅத் பெரியோர் கருத்தில் கொள்வர் என நம்புகிறோம்.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், வருவாய் சிறிதாயினும் செலவு அகலாதவரை கேடில்லை என்னும் கருத்தை அரசனுக்கு வைத்தார். அரசனுக்கே அவ்வெச்சரிக்கை தேவையாயின் கொத்து வேலைக்கும் கல்லுடைக்கவும் செல்பவர்க்கு எவ்வளவு தேவை என்பதை மாணவர் எண்ணிப் பார்க்கலாம்.

பள்ளியில்

ஓராண்டுக் குழந்தை எதையும் அறியாது. கூட்டத்தையும் ஒலிபெருக்கியையும் கண்டு அழும், கேக்கு வெட்டும் நேரத்தில் பெரும்பாலும் உறங்கும். அறியும் வயது பள்ளியில் தொடங்குகின்றது. சீருடை அணிந்த நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் வண்ண உடையில் வந்து மிட்டாய்ப் பெட்டியைத் திறப்பார். வழங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்குத் தன் பிறந்தநாளை மறைக்கவேண்டும் என்னும் எண்ணம் முதன்முதல் தோன்றுவது அங்கேதான். ஆசிரியர் பலர் இதனை அறிந்து, அம்மாதம் பிறந்தோர் அனைவரையும் ஒரே நாளில் வாழ்த்துகின்றனர். குஜராத்தில் திதி போஜனம் என்னும் முறை உண்டு. பிறந்தநாள் கொண்டாடும் குடும்பம் தன் விருந்தை ஊர்ப்பள்ளியின் மதிய உணவோடு சேர்த்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வழங்கும். 2021 இல் ஒன்றிய அரசு பள்ளி உணவுத் திட்டத்தைப் புதுப்பித்தபோது, அம்முறையை நாடெங்கும் ஊக்குவிப்பதாக அறிவித்தது. அங்கே இலையும் உண்டு, கூட்டமும் உண்டு, வாழ்த்தும் உண்டு. மொய் எழுதுவாரைக் காணோம்.

முதலாண்டு நிறைவுக்கு ஆயத்தம் செய்யும் இளம்பெற்றோர் பலர் கவனியாத செய்தி ஒன்றை இங்கே கூறிவிடுதல் நன்று. மருத்துவமனையில் பிறந்தவுடன் பிறப்பு பதிவாகிவிடுகின்றது. பெயர் முடிவாகாமையால் அவ்விடம் வெறுமையாகவே விடப்படுவது வழக்கம். பதிவான நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்திற்குள் பெற்றோர் எழுதிக்கொடுத்தால் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்வர். அதன்பின் பதினைந்து ஆண்டுவரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கவேண்டும். 2023 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்குப்பின், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலும் அதன் பின்னரும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல்வரை பிறந்த நாளுக்கும் பிறந்த ஊருக்கும் பிறப்புச் சான்றிதழே ஆவணமாகும். தட்டியில் பத்தடி உயரத்தில் அச்சாகும் அதே பெயர், பதிவேட்டில் எழுதப்படாமல் ஓராண்டு கழிந்துவிடும் வீடுகள் உண்டு. அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுக்கும் நாளிலேயே பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்திற்கும் ஒருமுறை சென்று வரலாம். அதற்கு மண்டபமும் தேவையில்லை, மொய்யும் தேவையில்லை. பெற்றோர் இருவரின் கையொப்பமிட்ட விண்ணப்பத்தையும் பதிவு எண்ணையும் கையில் கொண்டு சென்றால் போதும்.